காருக்குக் கட்டிய வேட்டித் துணி

சர்வீஸுக்கு விடப்போகிற காரை வீட்டிலேயே கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவரும் ஆள் நான் ஒருத்திதான் என்று ஒர்க்‌ஷாப் மேலாளர் சிரித்தார். அழுக்கோடு வந்தால்தானே மேடம் எங்களுக்கு வேலை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எங்கள் குடும்ப வியாதி என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சில நாட்களாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டீசல் புகையில் வருகிற கரித்தூளை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இப்போதெல்லாம் வண்டியின் அடியில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே கோவிலுக்கும் கடைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம். அவ்வப்போது மகாபலிபுரம் சாலையில் நிற்காமல் விரட்டினால், சூட்டில் கரி தானே எரிந்துபோகுமாம். நான் விரட்டவில்லை. அதனால் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் புதிதாக மாற்றிவிடுவோம் என்றார். அவர் சொல்லிக்கொண்டே போக, என் மனது வேறெங்கோ போய்விட்டது. வண்டிப் புகையை வடிகட்டலாம் என்பது தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா முதல் ஆளாக வாங்கி மாட்டியிருப்பார். வடிகட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா, அப்பா, தி.நகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், மூன்றே பேர். வீட்டில் இருந்த ஒவ்வொரு குழாயின் வாயிலும் அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி ஒன்று சணலால் கட்டியிருக்கும். அந்த நாளில் மெட்ராஸ் தண்ணீரில் துருவும் புழுவும் சகஜம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா எண்ணெயை வடிகட்டுவார், பாலை வடிகட்டுவார், கடையில் வாங்கிய தேனைக்கூட வடிகட்டுவார். வீட்டுக்குள் வருகிற எதுவும் ஒரு துணியைத் தாண்டித்தான் வர வேண்டும். வெளியே போவதைப் பற்றி அவ்வளவு கவலை கிடையாது. சாக்கடை கார்ப்பரேஷன் பாடு.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு. கல்யாணத்துக்கு முன்பே உண்டு என்பாள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் கூடும், மற்ற நாட்களில் அடங்கியிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் மூச்சு மிகவும் திணறியபோது, லஸ் முனையில் முழங்கால் தண்ணீர் என்று அடையாறு ஆஸ்பத்திரிக்கு எந்த ஆட்டோவும் வரவில்லை. அப்பா குடையோடு தெருவில் நின்று ஒவ்வொரு ஆட்டோவையும் கைநீட்டி நிறுத்தினார். கடைசியில் எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் அம்மாவை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனோம். திரும்பி வந்த அன்றைக்கே அப்பா முடிவு பண்ணிவிட்டார். அடுத்த மாதம் ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு யாரோ டீசல் இஞ்சின் போட்டிருந்த வண்டி. தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா ஆரத்தி எடுத்தாள்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு நடை உண்டு. கார் அதில் மட்டாக நின்றது, கதவைப் பாதிதான் திறக்கலாம். அவசரத்துக்குச் சட்டென்று கிளம்ப வேண்டுமே என்று அப்பா தினமும் வண்டியைப் பின்பக்கமாகவே உள்ளே விடுவார். முகம் தெருவைப் பார்த்து நிற்கும். புகைக்குழாய் அம்மா படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும். டீசல் இஞ்சினைச் சும்மா நிறுத்திவைக்கக் கூடாது, தினம் ஸ்டார்ட் செய்து சூடாகும்வரை ஓட விட வேண்டும் என்று அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். போதாதா? எங்கும் போகாத நாளிலும், காபி குடித்த கையோடு அப்பா போய்ச் சாவியைத் திருகுவார். டகடகவென்று வீடு அதிரும். அவர் பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சுவாமி புறப்பாடு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் சில மாதங்கள் புகை அவ்வளவாக இல்லை. பிறகு கறுத்தது. நடைச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே குடைபோல ஒரு கரி படர்ந்தது. அம்மா தினமும் ஈரத்துணியால் ஜன்னல் கம்பிகளைத் துடைப்பாள், துணி மைபோல வரும். சுவருக்கு அப்பா நல்ல நாளுக்கு நல்ல நாள் சுண்ணாம்பு அடித்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் மறைக்கிறோம் என்று இருவருக்குமே தெரியாது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் அறிந்தது.

அம்மாவின் இழுப்பு மழை, மார்கழி என்ற கணக்கை விட்டுவிட்டு எல்லா மாதமும் வர ஆரம்பித்தது. காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுகிற வழக்கம் அவளுக்கு உண்டு. அது எப்போது நின்றது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. புகைதான் காரணம் என்று நான் அப்பாவோடு சண்டை போட்டேன். தினம் எதற்கு ஓட விட வேண்டும், வாரம் ஒரு நாள் போதாதா என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, வண்டி கெளம்பலைன்னா, நீயா தள்ளுவே?" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஆனால் வண்டியில் கோளாறு என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். மந்தைவெளியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கிடம் மாதம் ஒரு முறையாவது கொண்டுபோனார். அந்த ஆள் இஞ்சினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலை மாற்றினான், பம்பைக் கழற்றி மாட்டினான், தலையைச் சொறிந்தான். அவன் முன்னால் வண்டி ஒரு நாளும் புகை கக்கியதில்லை. வண்டி நல்லாத்தான் கீது சார், டீசல்ல கலப்படமாயிருக்கும், பங்க்கை மாத்திப் பாரு என்பான். அப்பா பங்க்கை மாற்றுவார். வீடு வந்த நான்கைந்து நாட்களில் மறுபடியும் கரும்புகை கிளம்பும்.

இப்போது யோசித்தால், அம்மாவின் கதையும் அச்சாக அதே கதைதான். அடையாறு டாக்டரிடம் முறை வைத்துப் போவாள். போகிற நாளில் காலையிலிருந்தே ஏற்பாடு நடக்கும். தலைக்குக் குளித்து, பின்னி, நல்ல புடவை கட்டி, பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் மூச்சு வாங்கியதில் தலை வாராமல் வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பா செருப்பை மாட்டியவர் நின்றுவிட்டார்.

"நாலு பேர் பாக்கற எடம். தலையை வாரிண்டு வா," என்றார்.

அதட்டல் இல்லை, அவருக்கு அது கௌரவம். அம்மாவும் குறைந்தவள் இல்லை. டாக்டர் அறைக்குள் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் யாரும் பார்க்காதபோது இன்ஹேலரை இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வாள். டாக்டரம்மா முன்னால் இரைக்கக் கூடாது! எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், தேவலை என்பாள். ஸ்டெதஸ்கோப்பும் தேவலை என்றே சொல்லியிருக்கும். பழைய மருந்தையே தொடரச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள்.

வண்டி வந்த இரண்டாவது போகிக்கு முந்தின நாள் மாலை, அப்பா அம்மாவிடம் பழைய வேட்டித் துண்டு ஒன்று கேட்டு வாங்கிப் போனார். குழாய்க்காக என்று நினைத்தேன். எனக்குக் கவனிக்க நேரமில்லை, அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன்.

போகிக் காலையில் மெட்ராஸ் எப்படியிருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாயும் துடைப்பமும் எரித்த காலம் போய், டயர் எரிக்கிற காலம் அது. விடிந்தும் விடியாத நேரத்தில் மேளச் சத்தம் தெருத்தெருவாக வந்தது. பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. ஜன்னல்களைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி அடைத்தோம். பிரயோஜனமில்லை. அம்மா படுக்கையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, காற்றுக்காகத் தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். இன்ஹேலருக்கு இழுப்பு கேட்கவில்லை. உதடு நிறம் மாறத் தொடங்கியது. நான் அம்மாவை அப்படியே அணைத்துத் தூக்கி வந்து பின் சீட்டில் உட்கார வைத்தேன். இரவு கட்டியிருந்த நைந்த புடவை, அவிழ்ந்த தலை, வேர்வையில் கரைந்த குங்குமம். அன்று யாரும் தலை வாரச் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. அந்த நாளுக்காகத்தானே அப்பா அதைத் தினமும் சூடேற்றி வைத்திருந்தார்? மந்தைவெளி தாண்டி, ராஜா அண்ணாமலைபுரம் வரும்போதே இஞ்சின் திக்கியது. அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டு வந்தது. பின் கண்ணாடியில் கரும்புகை தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறி, இரண்டு முறை குலுங்கி, நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில், கூப்பிடு தூரம். பாலத்தில் வேறு வண்டியே இல்லை. போகி விடியலில் யார் வருவார்கள்?

அப்பா இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். எதையோ தட்டினார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி வந்து சாவியைத் திருகினார், இஞ்சின் உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி போனார். என் மடியில் சாய்ந்திருந்த அம்மா என் மணிக்கட்டைப் பற்றினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது அவளுக்கு.

"அப்பாட்டச் சொல்லு… அந்தத் துணியை எடுக்கச் சொல்லு. அதுக்கு மூச்சு முட்டறது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிதற்றுகிறாளோ என்று பயந்துபோனேன். கதவைத் திறந்து, அம்மா ஏதோ துணியை எடுக்கச் சொல்கிறாள் என்று சொன்னேன். அப்பா பானெட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

இஞ்சினுக்குப் போகிற காற்றிலிருந்து தூசியை எடுக்க, மூடி போட்ட குண்டான் மாதிரி ஒரு ஏர் ஃபில்டர் அந்த வண்டியில் உண்டு. அப்பாவுக்கு அது போதவில்லை. அதன் வாயிலும் குழாயில் கட்டுவதைப்போல வேட்டித் துணி கட்டியிருந்தார். முதலில் ஒற்றையாக, பிறகு இரண்டு மடிப்பாக. போகிப் புகை உள்ளே போய் இஞ்சின் கெட்டுவிடக் கூடாதென்று முந்தின நாள் இன்னும் மடித்துக் கட்டியிருந்தார். காற்று இல்லாமல் டீசல் சரியாக எரியாது, எரியாததுதான் கரியாக வந்தது. உள்ளே போவதை அவ்வளவு வடிகட்டிய மனிதர், அதனால் வெளியே வந்ததை யார் மூக்கில் விட்டார் என்று பார்க்கவில்லை. மெக்கானிக்கிடம் போகிற நாளில் மட்டும் துணியை அவிழ்த்து, ஃபில்டரைக் கழுவி, இஞ்சினைத் துடைத்து, பொட்டு வைத்துக் கொண்டுபோவார். அழுக்கு வண்டியைக் கொண்டுபோய் ஒருத்தர் முன்னால் நிறுத்தலாமா? அவன் பாவம், எதைக் கண்டுபிடிப்பான்?

இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. அப்பா சாவியால் குத்திக் கிழித்துத்தான் அதை எடுத்தார். வெளிப்பக்கம் தார் பூசியதுபோல இருந்தது, உள்மடிப்பில் வேட்டிக் கரை பச்சையாகத் தெரிந்தது. வண்டி ஒரு பெரிய கரும்புகையைத் துப்பிவிட்டுக் கிளம்பி, பாலத்தைத் தாண்டியது.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அவளை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மாவே அன்று இருந்தார். இவ்வளவு மோசமாக இருப்பது தெரியாதே, ஏன் சொல்லவேயில்லை என்று என்னைக் கேட்டார். வீட்டில் விறகடுப்பு உண்டா, யாராவது சிகரெட் பிடிப்பார்களா, பக்கத்தில் ஏதாவது ஃபாக்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மூலையில் நின்றிருந்த அப்பா என்னை முந்திக்கொண்டு பேசினார். அந்தத் துணி இன்னும் அவர் கையில் இருந்தது.

"தெனம் கார்த்தால இவ ஜன்னலுக்குக் கீழ வச்சு வண்டியை ஓட விடுவேன், டாக்டர். இவளுக்காகத்தான்."

டாக்டரம்மா அவர் கையையும் சட்டையில் ஒட்டியிருந்த கரியையும் பார்த்தார். அவரைத் திட்டவில்லை. மருந்தெல்லாம் மாற்ற வேண்டும், நுரையீரல் பழையபடி ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இன்னும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பொங்கலை அம்மா ஆஸ்பத்திரியில் கழித்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பால் பொங்கவில்லை.

அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். துணி கட்டியிருப்பது தெரியும், புகை வருவது தெரியும், அந்த ஜன்னலுக்குள்தான் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டே விட்டேன். அவள் போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எனக்காகப் பண்றார்னு தெரியும்டி. அதைப் போய் வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

இதற்கு என்ன செய்ய? அழுவதா, கோபித்துக்கொள்வதா? இரண்டையும் செய்தேன்.

கனுப் பொங்கலுக்கு அடுத்த நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். கழுவவில்லை, துடைக்கவில்லை. வண்டி போகிச் சாம்பலோடு அப்படியே நின்றது. இருக்கையில் கிடந்த அந்தத் துணியையும் எடுத்துக் கொடுத்து, இது எங்கே கட்டியிருந்தது என்று சொன்னார். மெக்கானிக் சைலன்ஸரைக் கழற்றித் தரையில் தட்டினான். கரி மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டியது. அவனுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

"இன்னா சார் நீ. வர்றப்பல்லாம் எல்லாத்தையும் கயட்டி வச்சிட்டு, குளிப்பாட்டி இட்டாந்தா, இன்னா சீக்குன்னு எனக்கு எப்டித் தெரியும்? வீட்ல எப்டி கீதோ அப்டியே கொணாந்து காட்ட வேணாமா?"

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஓர் ஏற்பாடு தொடங்கியது. வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டிய நாளில், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் தோளைக் கொடுத்து, ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி, அவ்வளவு பெரிய காரைத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு சந்து முனை வரை போவார். அங்கே குப்பைத்தொட்டிப் பக்கம் வைத்துத்தான் சாவியைத் திருகுவார். அவருக்கு அறுபது கடந்துவிட்டது. சட்டை முதுகு நனைந்துவிடும். தெருக்காரர்கள், பேட்டரி போயிடுத்தா மாமா என்று கேட்டுத் தள்ள வருவார்கள், ஆமாம் என்பார். நானும் ஓரிரு தடவை கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார். நீயா தள்ளுவே என்று அன்றைக்கு என்னைக் கேட்டது அவருக்கு நினைவிருந்திருக்கும். எனக்கு இருந்தது.

மாசி மாதத்தில் அடுத்த முறை டாக்டரிடம் போகவேண்டிய நாள் வந்தது. அன்று அம்மாவுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல நல்ல புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள், சீப்பைப் பிடித்த கை தலைக்கு மேல் எழும்பாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் வாரிவிடலாமென்று பக்கத்தில் போனேன். அப்பா சந்து முனையில் வண்டியை விட்டுவிட்டு, முகம் துடைத்தபடி உள்ளே வந்தார். அறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் தயாராக வைத்திருந்த இன்ஹேலரைப் பார்த்தார்.

"தலை வாரிக்காதே," என்றார். "அதையும் இப்ப இழுத்துக்காதே, பொறுத்துக்கறயா? ஆத்துல எப்படி இருக்கியோ அப்படியே வா. அவா பாக்கட்டும்."

அம்மா சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு, அவிழ்ந்த தலையோடு எழுந்து, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியே நடந்தாள்.